இஸ்திரி வண்டிக்கு வந்த கோர்ட்டு

எங்கள் தெருமுனையில், வேப்பமரத்தடியில், ஓர் இஸ்திரி வண்டி நிற்கிறது. வண்டிக்காரர் அறுபதைத் தாண்டியவர். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னை வக்கீலம்மா என்பார். பத்து வருடத்துக்கு முன்பு ஒரு காலையில் உள்ளாட்சி ஆட்கள் லாரியோடு வந்தார்கள். ஆக்கிரமிப்பு என்று சொல்லி வண்டியைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். மடித்து வைத்திருந்த துணி பாதி தெருவில் கிடந்தது, பாதி லாரியில் போனது. முன்னறிவிப்பு கிடையாது, ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடையாது. உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு, அதாவது அதிகாரிகளின் செயலை நேராகக் கேள்வி கேட்கும் மனு, போட்டேன். 2014-ல் வந்த தெரு வியாபாரிகள் சட்டம் பொருள் விற்பவரை மட்டுமல்ல, தெருவில் நின்று வேலை செய்து கொடுப்பவரையும் வியாபாரியாகவே பார்க்கிறது என்று எழுதியிருந்தேன். அந்த அளவுக்குப் போகவே தேவைப்படவில்லை. நீதிபதி அரசுத் தரப்பைப் பார்த்து, "நோட்டீஸ் கொடுத்தீங்களா?" என்று மட்டும் கேட்டார். பதில் இல்லை. ஐந்து நிமிடத்தில் உத்தரவு வந்தது. அந்த வாரமே வண்டி மரத்தடிக்குத் திரும்பியது. அண்ணன் அந்த ஆர்டர் காப்பியை பிளாஸ்டிக் உறையில் போட்டு, கரி மூட்டைக்கு மேலே ஆணியில் இன்னும் மாட்டி வைத்திருக்கிறார்.

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் அவருடைய இளைய மகன் வந்தான். குமார் என்று வைத்துக்கொள்ளுங்கள், நிஜப் பெயர் வேறு. நான்கு வருடமாக ஓர் உணவு ஆப்பில் டெலிவரி ஓட்டுகிறான். முந்தின நாள் ராத்திரி, கடைசி ஆர்டரைக் கொடுத்துவிட்டு லிஃப்டில் இறங்கும்போது ஆப் தானாக லாக்-அவுட் ஆகிவிட்டது. மறுபடி உள்ளே போகப் பார்த்தால், விதிமீறல் காரணமாகக் கணக்கு முடக்கப்பட்டது என்று ஒரே ஒரு வரி. ஓட்டுகிற பையன்கள் இதை 'ஐடி பிளாக்' என்பார்கள். எந்த விதி, எந்த ஆர்டர், யார் கொடுத்த புகார், ஒன்றும் தெரியாது. உதவிப் பட்டனைத் தட்டினால் சாட்டில் அதே வரி வேறு சொற்களில் வருகிறது, பிறகு 'உங்கள் கோரிக்கை முடிக்கப்பட்டது' என்று சாட் மூடிக்கொள்கிறது. பைக்குக்கு இன்னும் பதினோரு தவணை பாக்கி. "காசு கூட அப்புறம் பாத்துக்கலாங்கா. என்ன தப்புன்னு சொன்னாப் போதும். நான் செஞ்சிருந்தா ஒத்துக்கிறேன்" என்றான். பிறகு, அப்பாவின் வண்டிக்கு மேலே தொங்கும் உறையைக் காட்டி, "ரிட்டு போடலாமாக்கா?" என்று கேட்டான்.

முடியாது என்றேன். யோசிக்கவே இல்லை, சட்டக் கல்லூரியில் மனப்பாடம் செய்த பதில் அது. ரிட் அரசாங்கத்துக்கு எதிராகத்தான் போடலாம். இது தனியார் கம்பெனி. உனக்கும் அவர்களுக்கும் இருப்பது ஒப்பந்தம், நீ அதில் 'சம்மதம்' தட்டியிருக்கிறாய். அண்ணன் சட்டைக் காலரை அழுத்திக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சொன்னார்: "ஏம்மா, என் வண்டின்னா கோர்ட்டு வருது. இவன் வண்டின்னா வராதா?"

அந்தக் கேள்வியோடு எட்டு மாதமாக இருக்கிறேன். இது அந்த எட்டு மாதத்தின் கணக்கு.

சுவர் எங்கே எழுந்தது

அரசமைப்புச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு 'அரசு' என்றால் யார் என்று சொல்கிறது. அடிப்படை உரிமைகள் பெரும்பாலும் அந்த அரசை நோக்கியே பேசுகின்றன. நம் நீதிமன்றங்கள் கடந்த அரை நூற்றாண்டில் செய்த வேலையில் பெரும்பகுதி, அந்தச் சொல்லுக்குள் யார் யாரை இழுத்து உட்கார வைக்கலாம் என்பதுதான். 1979-ல் விமான நிலைய ஆணையம் உள்ளே வந்தது. கிரிக்கெட் வாரியம் 2005-ல் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் வெளியே நின்றது, ஆனாலும் பொதுக் கடமை செய்கிற அமைப்பு என்பதால் உயர் நீதிமன்றத்துக்கு ரிட் அதிகாரம் தரும் 226-ஆம் பிரிவின் கீழ் அதற்கு எதிராக ரிட் போடலாம் என்று ஆனது. தனியார் வங்கியில் வேலை போனவர் ரிட் போட முடியாது என்று 2003-ல் ஃபெடரல் பேங்க் வழக்கில் சொன்னார்கள். நகைக்கடன் கொடுக்கும் தனியார் நிதி நிறுவனத்துக்கு எதிராகவும் முடியாது என்று 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடி சொன்னது. குமாரிடம் நான் சொன்ன பதில் இந்தத் தீர்ப்புகளின் வரிசையில் வருவது. இன்றைய தேதிக்கு அது சரியான பதில்தான். அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

இந்தச் சுவருக்கு நடுவே முடிக்காமல் விட்ட ஓர் இடம் உண்டு. 1985 டிசம்பரில் டெல்லியில் ஸ்ரீராம் தொழிற்சாலையிலிருந்து ஓலியம் வாயு கசிந்தது. போபால் நடந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. எம்.சி. மேத்தா வழக்கு ஐந்து நீதிபதிகள் முன்னால் வந்தது. ஆபத்தான தொழில் நடத்துகிறவர் விளைவுக்கு முழுப் பொறுப்பு என்ற புகழ்பெற்ற கோட்பாடு அங்கேதான் பிறந்தது. அதே வழக்கில் இன்னொரு கேள்வியும் இருந்தது: மக்களின் உயிரோடு விளையாடும் அளவுக்குப் பெரிய ஒரு தனியார் கம்பெனியை 12-ஆம் பிரிவுக்குள் கொண்டுவரலாமா? நீதிபதி பகவதி அதைப் பல பக்கங்களுக்கு விவாதித்துவிட்டு, தீர்மானமாக முடிவெடுக்க நேரம் போதவில்லை என்று விட்டுவிட்டார். தீர்ப்பு வந்தது 1986 டிசம்பரில், அவர் ஓய்வு பெற்ற அதே மாதத்தில். மாணவியாக இருந்தபோது இந்த இடத்தை நான் வேகமாகத் தாண்டிப் போயிருக்கிறேன், தேர்வில் கேட்கமாட்டார்கள் என்று. இப்போது படிக்கும்போது, வாசற்படியில் ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்பிப் போனது போல இருக்கிறது.

2023 ஜனவரி 3 அன்று கதவு கொஞ்சம் திறந்தது. கௌஷல் கிஷோர் வழக்கு. அமைச்சர் ஒருவரின் பேச்சிலிருந்து தொடங்கிய வழக்கில் ஐந்து கேள்விகள் எழுப்பப்பட்டன. 19 (பேச்சு முதலிய சுதந்திரங்கள்), 21 (உயிர், தனிமனித சுதந்திரம்) ஆகிய பிரிவுகளின் உரிமைகளை அரசு அல்லாதவர்களிடமும் கேட்கலாமா என்பது அவற்றில் ஒன்று. ஐந்து நீதிபதிகளில் நால்வர் சார்பில் தீர்ப்பு எழுதியவர் நீதிபதி வி. ராமசுப்பிரமணியன், சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்காடி அங்கேயே நீதிபதியானவர். கேட்கலாம் என்றார்கள். நீதிபதி பி.வி. நாகரத்னா மாறுபட்டார். அரசமைப்பு நீதிமன்றத்துக்கு வந்து தனியாருக்கு எதிராக அவற்றை நிலைநாட்ட முடியாது, சில விதிவிலக்குகள் தவிர, பொதுச் சட்ட வழிகளில் போய்க் கேட்கட்டும் என்றார். அன்று மாலை எங்கள் வாட்ஸ்ஆப் குழுவில் பெரிய ஆரவாரம். ஆனால் அந்த 'கேட்கலாம்' என்பதற்குள் எப்படி, எந்த மனுவில், எந்த அளவுகோலில் என்ற விவரம் இல்லை. குமாருக்காக அந்தத் தீர்ப்பை மூன்று முறை படித்தேன். ஒரு நல்ல பத்தி கிடைக்கும், அதை மனுவில் எடுத்து எழுதலாம் என்று தேடினேன். மெயின்டெய்னபிலிட்டியை, அதாவது மனு விசாரணைக்கே ஏற்றதா என்ற முதல் கேள்வியை, தாண்ட அது போதாது என்று எனக்கே தெரிந்தது. நான் நீதிபதியாக இருந்தாலும் அட்மிஷன் நிலையிலேயே திருப்பி அனுப்பியிருப்பேன்.

கம்பெனி மட்டும் உள்ளே வந்த வழி

இதில் என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. கம்பெனிகளுக்கு அரசமைப்புச் சட்டம் எட்டாத தூரத்தில் இல்லை. தங்களுக்குத் தேவையானபோது அவர்கள் உள்ளே வரலாம். கம்பெனி குடிமகன் அல்ல, ஆகவே 19-ஆம் பிரிவு அதற்குக் கிடையாது என்று 1963-ல் ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன் வழக்கில் சொன்னார்கள். ஏழே வருடத்தில், வங்கிகளை அரசுடைமையாக்கியபோது, ஆர்.சி. கூப்பர் பங்குதாரராக வந்து நின்றார். பங்குதாரரின் உரிமை கம்பெனியின் உரிமையோடு சேர்ந்தே பறிபோகும் என்றால் அவர் வழக்குத் தொடரலாம் என்று நீதிமன்றம் ஏற்றது. 1972-ல் செய்தித்தாள் காகித ஒதுக்கீட்டு வழக்கில் பென்னட் கோல்மன் என்ற பத்திரிகைக் கம்பெனி இதே வழியாகப் பேச்சுரிமையை வென்றது. சமத்துவம் பேசும் 14-ஆம் பிரிவுக்கு அந்தச் சிக்கல்கூட இல்லை. அது 'எந்த நபருக்கும்' என்கிறது, கம்பெனியும் சட்டத்தின் கண்ணில் ஒரு நபர். 2021-ல், செய்தியை முதலில் அனுப்பியவர் யார் என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும் என்ற விதியை எதிர்த்து வாட்ஸ்ஆப் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனபோது, 2017-ல் ஒன்பது நீதிபதிகள் நமக்காக அறிவித்த அந்தரங்க உரிமையைத்தான் கையில் எடுத்துப் போனது.

இந்தத் தீர்ப்புகளில் தவறு இருப்பதாக நான் நினைக்கவில்லை. பத்திரிகைக் கம்பெனிக்குப் பேச்சுரிமை இல்லை என்றால் நமக்கும் இல்லை. கூப்பர் வழக்கில் சட்டம் ஒரு கண்ணோட்டத்தைக் கற்றுக்கொண்டது: கம்பெனி என்ற திரையை விலக்கி, அதற்குப் பின்னால் இருக்கும் மனிதரின் இழப்பைப் பார்ப்பது. பங்கு வைத்திருப்பவரைப் பார்க்க விலகிய அந்தத் திரை, வண்டி ஓட்டுகிறவரைப் பார்க்க ஏன் விலகவில்லை என்பதே என் வருத்தம். கம்பெனிகள் சட்டம், 2013-ன் 166-ஆம் பிரிவு, இயக்குநர்கள் பங்குதாரர்களின் நன்மைக்காக மட்டுமல்ல, பணியாளர்கள், சமூகம், சுற்றுச்சூழல் ஆகியவற்றின் நலன் கருதியும் நல்லெண்ணத்தோடு நடக்க வேண்டும் என்கிறது. உலகின் பல கம்பெனிச் சட்டங்களைவிட அகலமான வாக்கியம் அது. அந்தக் கடமையை மீறினார்கள் என்று நீதிமன்றத்துக்கு இழுக்கும் வழியோ, நடைமுறையில் பங்குதாரர்களின் கையில்தான் இருக்கிறது. குமார் பங்குதாரர் இல்லை. பணியாளரும் இல்லை. அவனுக்கு ஆப் வைத்திருக்கும் பெயர் 'பார்ட்னர்'.

இதே முடிச்சு அமெரிக்கச் சட்ட அறிஞர்களிடையே பெரிய சண்டையாக நடந்திருக்கிறது. யேல் பேராசிரியர் ஜாக் பால்கின் ஒரு யோசனை சொன்னார்: மருத்துவரும் வழக்கறிஞரும் நம் இரகசியத்தை வைத்துக்கொண்டு நமக்கு எதிராக நடக்கக் கூடாது அல்லவா, அதே போல நம் தகவலை வைத்திருக்கும் இணைய நிறுவனங்களுக்கும் நம்மிடம் ஒரு நம்பிக்கைக் கடமை இருக்கட்டும். கேட்க மிக அழகாக இருந்தது. 2019-ல் லீனா கானும் டேவிட் போஸனும் ஹார்வர்டு சட்ட இதழில் இதற்கு மறுப்பு எழுதினார்கள். அந்தக் கம்பெனிகளின் இயக்குநர்கள் டெலவேர் மாநிலச் சட்டப்படி ஏற்கெனவே பங்குதாரர்களுக்கு நம்பிக்கைக் கடமைப்பட்டவர்கள். ஒரே ஆள் எதிரெதிரான இரண்டு எஜமானர்களுக்கு எப்படி விசுவாசமாக இருப்பது என்பது அவர்களின் கேள்வி. எனக்கு இந்த மறுப்பு வலுவானதாகத் தெரிகிறது. நம் ஊரில் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பற்றி ஆராய்ந்த ஸ்ரீகிருஷ்ணா குழு 2018-ல், நம்பிக்கைக் கடமைப்பட்டவர் என்று பொருள்படும் இதே 'ஃபிடூஷியரி' என்ற சொல்லை எடுத்துக்கொண்டது, 2023-ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் தகவல் வைத்திருப்பவருக்கு அதுதான் பெயர். பெயர் வந்தது. மருத்துவரிடம் எதிர்பார்க்கிற விசுவாசம் என்ற கடமை சட்டத்தில் எழுதப்படவில்லை.

சிரட்டை

மனு எழுத முடியாது என்று சொல்ல ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டிக்குப் போனேன். குமார் இல்லை. அண்ணன் மட்டும் இருந்தார். அவருக்குப் புரியும்படி சொல்ல முயன்றேன். அண்ணே, தெரு அரசாங்கத்தோடது. அதனால அதுல யாரை விரட்டினாலும் காரணம் சொல்லணும். ஆப்பு அவங்களோடது. கடைக்காரன் தன் கடையில யாரை வெச்சுக்கிறதுன்னு அவன்தானே முடிவு பண்ணுவான்?

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு ஊரைப் பற்றிச் சொன்னார். சின்ன வயதில் அவர் ஊர் டீக்கடையில் அவருக்கும் அவர் அப்பாவுக்கும் உள்ளே பெஞ்சில் இடம் இல்லை. கூரை ஓலையில் செருகி வைத்த சிரட்டையை அவர்களே எடுத்து, நீட்டி, உயரத்திலிருந்து ஊற்றுவதை வாங்கிக் குடித்து, கழுவி, மறுபடி செருகிவிட்டு வர வேண்டும். "எங்கப்பா ஒரு தடவ கேட்டுட்டாரு. அதுக்கு அந்தாளு சொன்னது இதேதாம்மா. என் கடை, என் இஷ்டம்னான்." பெட்டிக்குள் கரியைக் கிளறிக்கொண்டே சொன்னார், கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "அப்ப அது சரின்னா சொல்லுவ?"

எனக்குப் பேச்சு வரவில்லை. வீட்டுக்கு வந்து 15-ஆம் பிரிவைத் திறந்தேன். முதல் உட்பிரிவு 'அரசு பாகுபாடு காட்டக் கூடாது' என்கிறது. இரண்டாவது உட்பிரிவு அரசை மட்டும் பார்த்துப் பேசவில்லை. கடைகள், உணவகங்கள், தங்குமிடங்கள், கேளிக்கை இடங்கள், கிணறுகள், குளங்கள், சாலைகள் என்று பட்டியல் போகிறது. எந்தக் குடிமகனையும் மதம், இனம், சாதி, பால், பிறப்பிடம் காரணமாக அங்கே தடுக்கக் கூடாது. தடுப்பது கடைக்காரரானாலும் சரி. இருபது வருடமாக வக்கீலாக இருக்கிறேன், இந்த உட்பிரிவை ஒரு முறைகூட நீதிமன்றத்தில் உச்சரித்ததில்லை. அன்று இரவு அரசமைப்பு நிர்ணய மன்றத்தின் விவாதங்களை எடுத்துப் படித்தேன். 1948 நவம்பர் 29. தீண்டாமை ஒழிப்புப் பிரிவு நிறைவேறிய அதே நாள். சென்னை மாகாணத்திலிருந்து போயிருந்த வி.ஐ. முனுசாமி பிள்ளையும் தாட்சாயணி வேலாயுதனும் அன்று பேசியிருக்கிறார்கள். அதற்கு முன்பு, இப்போது 15-ஆம் பிரிவாக இருப்பதன் மீது நடந்த விவாதத்தில், 'கடை' என்றால் எதுவரை என்று சந்தேகம் எழுந்தது. அம்பேத்கர் பதில் சொல்கிறார். கடை என்பதைப் படியேறி உள்ளே போகும் இடம் என்ற குறுகிய பொருளில் தான் பயன்படுத்தவில்லை, தேடி வருகிற யாருக்கும் தன் சேவையைத் தரத் தயாராக இருக்கும் எவரும் அதில் அடக்கம், சேவைக்கான நிபந்தனைகளை ஏற்றுக்கொண்டால் சேவையைக் கேட்டுப் பெறலாம் என்பதே பொருள் என்கிறார்.

சேவை நிபந்தனைகள். 1948-ல் அவர் சொன்ன அந்த ஆங்கிலச் சொற்கள்தான் இன்று ஒவ்வொரு ஆப்பின் அடியிலும் சின்ன எழுத்தில் இருக்கின்றன. வெறும் சொல் ஒற்றுமைதான், அதன் மேல் வழக்குக் கட்ட முடியாது. ஆனாலும் இரவு ஒரு மணிக்கு அந்தப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

15(2) குமாரின் வழக்கை ஜெயிக்க வைக்காது. அவனைச் சாதிக்காகவோ மதத்துக்காகவோ முடக்கியதாக எந்தச் சாட்சியமும் இல்லை. எதற்காக முடக்கினார்கள் என்றே தெரியாது. ஆனால் நான் அண்ணனிடம் சொன்ன அடிப்படை வாக்கியம் அன்றோடு உடைந்தது. அரசமைப்புச் சட்டம் அரசாங்கத்தை மட்டும் பார்த்து எழுதப்பட்டது என்பது வேறு நாடுகளின் வரலாற்றிலிருந்து நாம் எடுத்துக்கொண்ட பாடம். மன்னனின் அதிகாரத்துக்குப் பயந்து எழுதியவர்களுக்கு அது சரி. இங்கே எழுதியவர்களில் கிணற்றடியிலும் டீக்கடையிலும் சலூன் வாசலிலும் அதிகாரத்தைச் சந்தித்தவர்கள் இருந்தார்கள். 1924-லேயே சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் பொதுச் சாலையிலும் கிணற்றிலும் எல்லோருக்கும் உரிமை வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்திருக்கிறார். தடுத்தது பல இடங்களில் அரசாங்கம் இல்லை, பக்கத்துத் தெரு. அதனால்தான் 15(2), தீண்டாமையை ஒழிக்கும் 17, கட்டாய உழைப்பைத் தடுக்கும் 23 ஆகியவை தனியாரையும் நேராகக் கட்டுப்படுத்துகின்றன. உச்ச நீதிமன்றம் 2011-ல் இந்திய மருத்துவச் சங்கம் தொடர்ந்த வழக்கில் அம்பேத்கரின் அந்தப் பதிலை எடுத்து வைத்துத்தான், தனியார் கல்வி நிறுவனமும் 'கடை' என்ற சொல்லுக்குள் வரும் என்றது.

சட்ட அறிஞர் கௌதம் பாட்டியா தனியாருக்கு எதிரான உரிமைகளைப் பற்றி எழுதும்போது, கேட்க வேண்டியது 'இவர் அரசா' என்பதல்ல, இந்த இருவருக்கும் இடையே ஓர் அமைப்பு ஒருவருக்கு மற்றவர் மேல் அதிகாரம் தருகிறதா என்பதுதான் என்ற திசையில் வாதிடுகிறார். பல பக்கக் கோட்பாடாக அதைப் படித்தபோது ஒப்புக்கொள்ளத் தயங்கியிருந்தேன். எல்லா உறவிலும் அதிகாரம் உண்டு, எங்கே கோடு போடுவது என்ற பயம் எனக்கு இருந்தது, இன்னும் கொஞ்சம் இருக்கிறது. தெருமுனை மளிகைக் கடைக்காரர் ஒரு பையனை வேலையைவிட்டு நிறுத்தினால் அதற்கும் உயர் நீதிமன்றமா? கூடாது. ஆனால் ஓர் ஊரில் இரண்டே ஆப், இரண்டும் ஒரே மாதிரி நிபந்தனை, இரண்டிலும் முடக்கினால் வேறு வழியில்லை என்ற நிலையில் அது கடை இல்லை. அது சாலை.

கையெழுத்துப் போட வேறு வழி இல்லாதவன்

ஆகவே வேறு வழியில் யோசித்தேன். 1986-ல் பிரோஜோ நாத் கங்குலி வழக்கு. கல்கத்தாவில் அரசு நிறுவனம் ஒன்றின் அதிகாரியை, மூன்று மாத நோட்டீஸில் காரணம் சொல்லாமல் அனுப்பலாம் என்ற விதியின் கீழ் அனுப்பினார்கள். நீதிபதி மதன் 14-ஆம் பிரிவோடு நிற்கவில்லை. ஒப்பந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவுக்கும் போனார். பேரம் பேசும் வலுவில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் உள்ள இருவருக்கிடையே, பலவீனமானவர் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவதைத் தவிர வேறு வழியில்லாதபோது, மனசாட்சிக்கு ஒவ்வாத நிபந்தனை பொதுக் கொள்கைக்கு விரோதமானது, செல்லாது. இதன் அழகு என்னவென்றால் ஒப்பந்தச் சட்டம் தனியாருக்கும் பொருந்தும். அரசமைப்பின் மதிப்புகள் முன்வாசலில் நுழைய முடியாவிட்டால் ஒப்பந்தச் சட்டத்தின் வழியாக வரலாம். நீதிபதி பாப்டே 2017-ன் அந்தரங்க உரிமைத் தீர்ப்பில் சொன்னதும் ஏறக்குறைய இதுவே: உரிமையின் உள்ளடக்கம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான், யாரிடம், எந்த மன்றத்தில் கேட்பது என்பதே வேறு.

உற்சாகமாக உரிமையியல் வழக்கு ஒன்றை வரைய ஆரம்பித்தேன். இரண்டாவது பக்கத்திலேயே தடை. நிபந்தனைகளில், தகராறு வந்தால் நீதிமன்றத்துக்குப் பதில் தனி நடுவரிடம் போக வேண்டும் என்ற நடுவர் மன்றப் பிரிவு இருக்கிறது, நடுவர் உட்காரும் ஊர் வேறு மாநிலம். அதைத் தாண்டினாலும் குறிப்பிட்ட தீர்வழிச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு: எந்நேரமும் முடித்துக்கொள்ளக்கூடிய ஒப்பந்தத்தை நிறைவேற்றும்படி நீதிமன்றம் கட்டளையிடாது. அதாவது ஜெயித்தாலும் கணக்கு திறக்காது, நஷ்டஈடு மட்டும், அதுவும் நோட்டீஸ் காலத்துக்கு. தொழிலாளர் நீதிமன்றம் போகலாமா என்றால் அவன் தொழிலாளி என்று முதலில் நிரூபிக்க வேண்டும், அதற்குள் வருடங்கள் ஓடிவிடும். 2020-ன் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, கடந்த 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது, குமாரைப் போல ஆப்பில் வேலை செய்கிறவர்களைக் குறிக்கும் கிக் தொழிலாளி என்ற சொல்லைச் சட்டத்தில் ஏற்றியிருக்கிறது. ஆப் நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் நலநிதிக்குக் கொடுக்க வேண்டும். நல்லதுதான். ஐடி பிளாக்கைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. தமிழ்நாட்டில் 2023-ல் நலவாரியம் வந்தது, சென்னை அண்ணா நகரில் டெலிவரி ஆட்கள் உட்கார ஏ.சி. அறை வந்தது. குமார் அங்கே போய் போன் சார்ஜ் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். பக்கத்துக் கர்நாடகமோ 2025-ன் சட்டத்தில், விலக்கும் முன் எழுத்தில் காரணமும் 14 நாள் முன்னறிவிப்பும் கொடுக்க வேண்டும் என்று வைத்திருக்கிறது. ஓசூரைத் தாண்டினால் ஒரு சட்டம், இந்தப் பக்கம் ஒன்றுமில்லை.

இன்னும் மனசைக் குடைவது ஆம்ஸ்டர்டாம் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023 ஏப்ரலில் சொன்ன தீர்ப்பு. ஊபர், ஓலா இரண்டுக்கும் எதிராக அங்கே வழக்குப் போட்டவர்களில் பிரிட்டனில் வண்டி ஓட்டியவர்கள் இருந்தார்கள். ஐரோப்பியத் தரவுச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு, ஒருவரின் வாழ்க்கையைப் பெரிதாகப் பாதிக்கும் முடிவை இயந்திரத்திடம் மட்டும் விடக் கூடாது என்கிறது. கணக்கை மூடியது எப்படி, எந்தத் தகவலை வைத்து என்று விளக்கு என்று நீதிமன்றம் சொன்னது, ஓட்டுநருக்கு மோசடி மதிப்பெண் போட்டிருந்தால் அது எப்படி வந்தது என்பதையும் சேர்த்து. ஓலா பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட கம்பெனி. அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை பிரிட்டனில் ஓட்டியவருக்கு இருந்தது, பெங்களூரிலோ சென்னையிலோ ஓட்டுகிறவருக்கு இல்லை. நம் 2023-ன் தரவுச் சட்டத்தில் அந்த 22-ஆம் பிரிவுக்கு இணையானது எதுவும் சேர்க்கப்படவில்லை. விதிகள் 2025 நவம்பரில் வந்தன, முக்கியமான கடமைகள் அமலாக அதிலிருந்து பதினெட்டு மாதம்.

நான் கேட்பது பெரிய புரட்சி அல்ல. ரிட் வேண்டாம், கணக்கைத் திறக்கச் சொல்லும் ஆணைகூட வேண்டாம். அன்று நீதிபதி உள்ளாட்சியிடம் கேட்ட அந்த ஒரே கேள்வியை இவர்களிடமும் கேட்க ஓர் இடம் வேண்டும். என்ன தப்பு என்று சொன்னீர்களா? அவன் பதிலைக் கேட்டீர்களா? பிழைப்பு உயிரின் பகுதி என்று 1985-ல் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபோது, நடைபாதைதான் ஏழையின் கடைசிப் பணியிடமாக இருந்தது. இப்போது அது போன் திரைக்கு நகர்ந்துவிட்டது. சட்டம் பின்தொடர்ந்து நடக்க வேண்டியதுதான் மிச்சம்.

கம்பெனிக்கு நான் அனுப்பிய வக்கீல் நோட்டீஸுக்கு மூன்றாவது வாரம் மின்னஞ்சலில் நான்கு வரிப் பதில் வந்தது. உள்விசாரணை முடிந்தது, முடிவு இறுதியானது. குமார் அதற்குள் இன்னொரு ஆப்பில் சேர ஏற்பாடு செய்திருந்தான். ஒரு நாள் காலை பதினோரு மணிக்கு மேல் வண்டியருகே நிறுத்தி, "இதுல நிறைய இங்கிலீஷா இருக்குக்கா, படிச்சுச் சொல்லுங்க" என்று போனை நீட்டினான். மரத்தடியில் நின்று தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். பதினேழாவது நிபந்தனை: நிறுவனம் தன் முழு விருப்பத்தின் பேரில், எப்போது வேண்டுமானாலும், காரணம் கூறாமலே கணக்கை நிறுத்தி வைக்கலாம். இரண்டு முறை சொன்னேன். அண்ணன் இஸ்திரிப் பெட்டியை நிறுத்திவிட்டுக் கேட்டார். குமார் மணியைப் பார்த்தான். பன்னிரண்டுக்கு மதியச் சாப்பாட்டு ஆர்டர்கள் வரத் தொடங்கும். போனை என் கையிலிருந்து வாங்கி, கட்டை விரலைக் கால்சட்டையில் ஒரு முறை துடைத்துக்கொண்டு, சம்மதம் என்று தட்டினான்.